பதினாலாம் கேள்வியில் ஒரு மாமியார்

குடும்பத் திட்டமிடல் படிப்பிக்கிறவன் வெட்கத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருடமாக அப்படியே செய்து வருகிறேன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவர்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்க, மாதிரிப் பெட்டியைத் திறந்து, மாத்திரை அட்டை, ஊசி மருந்து, கருப்பைக்குள் வைக்கும் லூப், கையில் தோலுக்குக் கீழே வைக்கும் குச்சி, ஆணுறை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். முன்வரிசைப் பெண்பிள்ளைகள் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார்கள். பின்வரிசைப் பையன்களுக்குத் திடீரென்று பேனை கீழே விழுந்துவிடும். அதைத் தேடுகிற சாட்டில் மேசைக்குக் கீழே போய்ச் சிரிப்பார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "சிரிச்சு முடிஞ்சாச் சொல்லுங்க, மிச்சத்தப் படிப்பம்" என்பேன். அதற்கும் ஒரு தடவை சிரிப்பார்கள்.

எனக்குப் பொறுமை குறைவு. இதை என் மாணவர்களில் எவரும் மறுக்கமாட்டார்கள். பிறப்பு வீதத்துக்கும் கருவள வீதத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதிய விடைத்தாளை நான் மேசையில் அடித்து வைத்த சத்தம் பக்கத்து மண்டபத்துக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் நான் இங்கே சொல்லப்போகிற விஷயத்தில் பிழை விட்டவன் நான்தான். திருத்தியவர்கள் மற்றவர்கள். அவர்களில் ஒருவர்கூட என்னைப்போல் மேசையில் அடிக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் மாசி மாதமளவில் மாணவர்களைப் படுவான்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கத்தில் இருக்கிற வயற்கிராமங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த வருடம் வவுணதீவுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். ஆளுக்கு ஒரு கட்டு வினாக்கொத்து. வீடு வீடாகப் போய், கல்யாணமான பெண்களிடம் கேள்வி கேட்டு, நிரப்பிக்கொண்டு வரவேண்டும். கிராமத்தின் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊர்வாயில் மிட்வைப் மிஸ், எங்களுக்கு வழி காட்ட வந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வினாக்கொத்தில் ஒன்றை வாங்கி நின்ற நிலையிலேயே முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். நன்றாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் எல்லாரும் கூடியபோது, நிரப்பிய தாள்களை நானே புரட்டிப் பார்த்தேன். முந்திய வருடங்களில் அந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டிருந்தேன். பதினாலாம் கேள்வி வந்ததும் எனக்குச் சினம் தலைக்கேறியது. கேள்வி இதுதான்: குடும்பத் திட்டமிடல் முறை ஒன்றைத் தெரிவுசெய்வதில் உங்கள் மாமியாரின் செல்வாக்கு எத்தகையது? மிக அதிகம், அதிகம், ஓரளவு, இல்லை. எல்லாத் தாளிலும் 'இல்லை'யில்தான் கோடு.

"வீடுகளுக்குப் போனீங்களா, இல்லாட்டி மரத்துக்குக் கீழ இருந்து நிரப்பினீங்களா?" என்று கத்தினேன். "எல்லாரும் எப்பிடி ஒரே இடத்தில கோடு போடுவீங்க? அடுத்தவன்ட பேப்பரப் பாத்து எழுதிற பழக்கம் இஞ்சயும் வந்திற்றா?"

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். மிட்வைப் மிஸ்தான் வாய் திறந்தார்.

"பிள்ளைகள ஏசாதீங்க சேர். அவங்க எல்லா வீட்டுக்கும் போனவங்க, நான் பாத்த. கேள்விதான் பிழை. இந்த ஊரில எந்தப் பொம்பிளை மாமியாரோட இருக்கிறா?"

எனக்கு உடனே விளங்கவில்லை என்றால் நம்புவீர்களா? விளங்கவில்லைதான். சில விநாடிகள் கழித்து விளங்கியபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் தகப்பன் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அல்லது இருக்கிற வீட்டையே எழுதிக் கொடுத்து, தாங்கள் அதே வளவில் ஓரமாக இருந்துகொள்வார்கள். கல்யாணம் முடித்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பெண்ணுடைய மாமியார் வேறு ஊரில் இருப்பாள், நல்லநாள் பெருநாளுக்கு வருவாள். இங்கே மாமியாரோடு ஒரே வளவில் காலம் தள்ளுகிறவன் ஆண்பிள்ளை. நான் கதிரவெளியில் பிறந்தவன். கல்யாணம் முடித்துக் குருக்கள்மடத்தில் என் மனைவியின் வீட்டில் இருக்கிறவன். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. காலையில் தேநீர் குடிக்க வேண்டுமா என்பதைக்கூட என் மாமி என்னிடம் நேராகக் கேட்டதில்லை. "அப்பாக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு மகள்" என்று என் பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்பார். அப்படி இருந்தும், எங்கோ வடக்கே வேறொரு நாட்டுக் கிராமங்களைப் பற்றி யாரோ எழுதிய பாடப்புத்தகத்திலிருந்து அந்தக் கேள்வியை எடுத்து, வருடக்கணக்காக அச்சடித்துக் கொடுத்து வந்திருக்கிறேன். பரீட்சையிலும் போட்டிருக்கிறேன். மாமியாரின் செல்வாக்கை இரண்டு பக்கத்துக்கு விளக்கிய பிள்ளைகளுக்கு நல்ல புள்ளியும் போட்டிருக்கிறேன்.

"உங்களில ஒருத்தருக்கும் இது பிழை எண்டு தெரியல்லயா?" என்று மாணவர்களைக் கேட்டேன். குரல் இறங்கிப்போயிருந்தது.

முன்வரிசையில் எப்போதும் தலை நிமிராத ஒரு பெண்பிள்ளை சொன்னாள். "தெரியும் சேர். எங்கட வீட்டிலயும் அப்பாதான் வந்து இருக்கிறார். ஆனா பரீட்சைக்கு வரும் எண்டு பாடமாக்கினம்."

எல்லாரும் சிரித்தார்கள். மிட்வைப் மிஸ்ஸும் சிரித்தார். கடைசியில் நானும் சிரித்தேன். வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பிள்ளை அன்று வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால், பிழை என்று தெரிந்தும் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. மறுவாரம் வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளுக்கு நன்றி சொன்னேன். அவள் பழையபடி கொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பஸ் புறப்படுவதற்கு முன் மிட்வைப் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேர், உங்கட பதினாலாம் கேள்விய அப்பிடியே திருப்பிப் போடுங்க. புருஷன்ட மாமியாரால என்ன கரைச்சல் எண்டு கேளுங்க. அதுக்கு இந்த ஊரில பதில் இருக்கு. ஒரு வீட்டில அதால ஒரு உயிர் போகப் பாக்குது."

அவர் சொன்ன விஷயம் இது. அந்த ஊரில் ஒரு பெண். மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்து ஏழு மாதம். அந்தப் பிரசவத்தின்போதுதான் அவளுடைய இருதயத்தில் பழுது இருப்பது தெரியவந்தது. இன்னொரு பிள்ளை உண்டானால் தாய் தப்புவது கஷ்டம் என்று வைத்தியர் திட்டமாகச் சொல்லிவிட்டார். கையில் வைக்கும் குச்சியை வைத்துப் பார்த்தார்கள்; வாரக்கணக்காக இரத்தப் போக்கு நிற்காததால் எடுத்துவிட்டார்கள். மற்ற முறைகளும் அவளுடைய உடம்புக்குத் தோதுப்படவில்லை. அவளை மயக்கி வெட்டுவதும் யோசிக்க வேண்டிய காரியம். எல்லாவற்றிலும் இலேசானது, கணவன் ஒரு சின்னச் சத்திரசிகிச்சை செய்துகொள்வது. அரைமணி நேர வேலை. ஆனால் இந்தக் கதையில் ஒரு சொல்கூட அந்தக் கணவனுக்குத் தெரியாது.

"ஏன் தெரியா? மனிசி சொல்லல்லயா?"

"அவ பயப்பிடுறா சேர். இருதய வருத்தக்காரி எண்டு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிருவாரோ எண்டு. தாய் சொல்லட்டும் எண்டு இருக்கிறா. தாய் எப்பிடி மருமகனோட இதைக் கதைப்பா? அவ மருமகனுக்குச் சோறு போட்டிருக்கு எண்டதையே ஆட்டுக்குட்டியப் பாத்துத்தான் சொல்லுவா. நான் நாலு தரம் போயிற்றன். என்ட ஸ்கூட்டர் சத்தம் கேட்டா அவர் பின்பக்கத்தால போயிருவார். பொம்பிளைப் பிள்ளையோட குடும்பத் திட்டக் கதை என்னெண்டு கதைக்கிற எண்டு அவருக்கு வெக்கம். இப்ப வயல் வட்டையில காவல். நெல்லு வெட்டுற மெசின் வர இன்னும் பதினைஞ்சு நாள்தான் கிடக்கு. வெட்டு முடிஞ்சா வீட்ட வந்திருவார். அதுக்குள்ள ஒரு ஆம்பிளை அவரோட கதைக்கோணும்."

"அதுக்கு நானா?"

"நீங்களும் மனிசிட வீட்டில இருக்கிற ஆள்தானே சேர். அவர்ட மனிசிக்கிட்டயும் கேட்டுட்டன். ஆராவது சொன்னாக் காணும் எண்டு சொல்றா."

அந்த வாரம் முழுவதும் நான் அதை ஒத்திப்போட்டேன். நூறு பேருக்கு முன்னால் பேசுகிறவனுக்கு ஒரு ஆளிடம் பேசுவதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். போய்ப் பாருங்கள் தெரியும். கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். வயல் வரம்பில் வண்டி போகாத இடத்தில் நிறுத்திவிட்டு நடந்தேன். வட்டை முழுவதும் பழுத்துக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே நெல். நடுவில் அங்கொன்று இங்கொன்றாகக் காவல் வாடிகள், ஓலை வேய்ந்த சின்னக் குடிசைகள். அவன் வாடிக்கு முன்னால் நின்று தகரத்தைத் தட்டிக் குருவி கலைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். என்னையும் என் தோற்பையையும் கண்டதும் சாரத்தை இறக்கிவிட்டான்.

"உர மானியத்துக்கா சேர்?"

"இல்ல தம்பி. நான் பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிறன்."

"என்ன பாடம்?"

"குடித்தொகைக் கல்வி."

"அதென்ன பாடம் சேர்?"

அவ்வளவுதான், எனக்கு நிலம் கிடைத்துவிட்டது. தெரிந்த பாதையில் ஏறிக்கொண்டேன். நாட்டின் குடித்தொகை எப்படிக் கூடுகிறது, முன்பு எப்படி இருந்தது, வளங்கள் எப்படி, தாய் சேய் நலம் எப்படி என்று வாடிக்குள் சாக்கில் உட்கார்ந்தபடி இருபது நிமிடம் விரிவுரை நடத்தினேன். அவன் குறுக்கே பேசவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றித் தந்தான். இடையில் ஒரு தரம் எழும்பிப் போய்த் தகரத்தைத் தட்டிவிட்டு வந்து, விட்ட இடத்தில் கேட்க உட்கார்ந்தான். என் மாணவர்களில் இத்தனை மரியாதையாகக் கேட்டவர்கள் குறைவு.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னான். "நாட்டுக்கு நல்ல விசயந்தான் சேர். எனக்கிட்ட என்னத்துக்கு வந்த நீங்க?"

அந்த இடத்தில் என் வெட்கம் பிடிபட்டுவிட்டது. வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தேன் என்று பதினெட்டு வருடம் நம்பியது பொய். நான் அதை நாடு, வீதம், சுட்டி என்ற சொற்களால் மூடி வைத்திருந்தேன். நெல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தம்பி, உங்கட மனிசிக்கு நெஞ்சில வருத்தம் இருக்கு. இன்னொரு பிள்ளை உண்டானா அவ தப்புறது கஷ்டம் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல. அதைச் சொல்லத்தான் வந்தன்."

குருவிகள் வந்து விழுந்தன; அவன் எழும்பவில்லை.

"மாமிக்குத் தெரியுமா?"

"ஓம்."

"மிட்வைப் மிசிக்கு?"

"ஓம்."

"மறுகா, உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியா." முகத்தைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தான். "பிள்ளை பிறந்து வந்த நாள் தொட்டு என்ட பாய் முன் விறாந்தையில கிடக்கு சேர். மாமிதான் போட்டவ. என்ன ஏது எண்டு மனிசிக்கிட்டக் கேட்டா அவ அழுறா. நான் நினைச்சன், என்னை வேணாமாக்கும், எப்பிடிச் சொல்ற எண்டு தெரியாம அழுறாவாக்கும் எண்டு. அதான் இந்தமுறை எல்லார்ட காவலுக்கும் நானே நிக்கிறன் எண்டு வந்திற்றன். வீட்ட போறதே இல்ல."

அவளோ அவன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று பயந்து அழுதிருக்கிறாள். ஒரே வளவில் மூன்று பேர், ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஏழு மாதம். நான் இதை அவனிடம் சொன்னபோது அவன் சிரித்தானா அழுதானா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பேசுவது எனக்குச் சுகமாக இருந்தது. சத்திரசிகிச்சை என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வியை அவனும் கேட்டான்: மண்வெட்டி பிடிக்க ஏலாமல் போய்விடுமா? போகாது என்றேன். ஆண்மை? அதுவும் போகாது. ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். "அப்ப வெட்டு முடியட்டும்" என்றான். நான் விடவில்லை. செய்த அன்றே பலன் வராது, மூன்று மாதம் செல்லும், பிறகு ஒரு பரிசோதனை இருக்கிறது, அதுவரைக்கும் கவனமாக இருக்கவேண்டும், ஆகவே எத்தனை நாள் முந்திச் செய்தாலும் நல்லது என்றேன். அவன் விரலை மடித்து மாதத்தைப் பார்த்தான். நான் பையிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து, அதுவரைக்கும் இது என்று நீட்டினேன். மண்டபத்தில் பெட்டியைத் திறந்து உயர்த்திப் பிடிக்கிற அதே சாமான்தான். நான் கிழக்கே பார்த்துக்கொண்டு கொடுத்தேன், அவன் மேற்கே பார்த்துக்கொண்டு வாங்கினான்.

புறப்படும்போது வரம்புவரை வந்தான். "நீங்களும் வந்தா வாறன் சேர்" என்றான். நான் வருகிறேன் என்றேன்.

அடுத்த வாரம் கிளினிக்கில் வைத்தியர் இருவரையும் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அதற்கு முன்பே அவர்கள் பேசிக்கொண்டுவிட்டார்கள் என்று மிட்வைப் மிஸ் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அவன் என்னைக் கண்ட அன்றே காவலுக்குப் பக்கத்து வயற்காரனை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். பாயைத் தானே சுருட்டி உள்ளே கொண்டுபோயிருக்கிறான். மாமி ஆட்டுக்குட்டிக்கும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தபோது, காவலுக்கு மாமி தன் தம்பியை அனுப்பினார். அன்று காலை நான் அவனை ஏற்றிப்போகச் சென்றேன். மாமி படலைவரை வந்தார். மருமகன் இரண்டு முழத்துக்கு அப்பால் நிற்க, என்னைப் பார்த்துச் சொன்னார்: "மருமகன் விடியச் சாப்பிடல்ல. முடிஞ்சாப் புறகு குடுங்க." கையில் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம். அவன் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "மாமி சுகமா இருக்கச் சொல்லுங்க சேர்" என்றான். நான் இருவருக்கும் நடுவில் நின்று அவர்கள் செய்தியை அவர்களுக்கே அறிவித்தேன். என் வீட்டில் என் மகள் செய்கிற வேலை எவ்வளவு கஷ்டமானது என்று அன்றுதான் தெரிந்தது.

வைத்தியசாலையில் கூப்பிடும்வரைக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு உள்ளங்கை வியர்த்தது. சாரத்தில் துடைத்துத் துடைத்து வைத்தான். நூறு தடவை சொல்லிப் பழகிய சொற்கள் எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. பயப்பட ஒன்றும் இல்லை, சின்ன வேலை, ஊசி போடுவதுதான் கொஞ்சம் நோகும் என்றெல்லாம் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"சேர், உங்களுக்கு எத்தின நாள் நொந்தது?"

எனக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. அந்த மாதத்தில் இரண்டாவது தடவை. பிறகு விளங்கியது. நான் செய்துகொண்டவன் என்று அவன் நினைத்திருந்தான். அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறவன் தன் உடம்பில் பட்டுத்தான் சொல்வான் என்பது அவன் எண்ணம். விவசாயி அப்படித்தான் நினைப்பான். தான் விதைத்துப் பார்க்காத நெல்லை அவன் அடுத்தவனுக்கு விதை என்று சொல்லமாட்டான்.

ரெண்டு நாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்துவிட்டது. இல்லை என்றால் அவன் எழும்பிப் போய்விடக்கூடும்; போனால் ஒரு பெண்ணின் உயிர். பொய் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்கு என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. ஆனால் பொய்யும் மறைப்புமாக ஏழு மாதம் கிடந்து வந்தவனிடம் இன்னொன்றையும் சொல்ல என்னால் முடியவில்லை.

"நான் செய்யல்ல தம்பி. என்ட மனிசிதான் செஞ்சவ. ரெண்டாவது மகள் பிறந்தாப் புறகு."

"அவவுக்கும் நெஞ்சு வருத்தமா?"

"இல்ல."

"அப்ப ஏன் சேர் அவ செஞ்ச?"

கேலியாகக் கேட்கவில்லை. அறிய வேண்டும் என்றுதான் கேட்டான். நான் யோசித்துப் பார்த்தேன். காரணம் இருக்கவில்லை. அவள் செய்வதாக ஆயிற்று, அவளும் தாயும் கிளினிக்குக்குப் போய் வந்தார்கள், என்னிடம் ஒரு தாள் வந்தது, நான் கையெழுத்து வைத்தேன். நான் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்கிற வேலை என்னுடையது; அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

"தெரியா தம்பி" என்றேன்.

உள்ளேயிருந்து தாதி அவனுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார். அவன் எழும்பினான். நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளிவாசலுக்குப் போவானோ, உள்கதவுக்குப் போவானோ என்று அவன் கால்களையே பார்த்தேன். அவன் துவாயை என் கையில் தந்தான்.

"செரி சேர். அப்ப நான் போயிற்று வந்து உங்களுக்குச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஒரு மனிதன் இன்னொருவனை இதைவிடப் பெருந்தன்மையாக மன்னிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. வெளியே வந்தபோது காலை அகட்டி வைத்து மெல்ல நடந்து வந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு. "எறும்பு கடிச்ச மாதிரித்தான் சேர். பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க" என்றான். மாமி கட்டிக் கொடுத்த சோற்றில் பாதியை எனக்கும் தந்தான். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, இரண்டு நாள் கடுத்தது, இப்போது ஒன்றும் இல்லை என்று அறிவித்தான். இன்றைக்கும் ஆணுக்கான சத்திரசிகிச்சை பற்றிப் படிப்பிக்கும்போது அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஒருவர் செய்துகொண்டு வந்து எனக்குச் சொன்னது என்று சேர்த்தே சொல்கிறேன். அவனுடைய மனைவி நலமாக இருக்கிறாள். மாதம் தவறாமல் இருதய கிளினிக்குக்குப் போகிறாள். கடைசிப் பிள்ளை இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறது. போன வெட்டுக்கு எனக்கு ஒரு மூட்டை நெல் வந்தது. பதினாலாம் கேள்வியையும் மிட்வைப் மிஸ் சொன்னபடியே திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது நான்கு இடத்திலும் கோடு விழுகிறது.

வைத்தியசாலையிலிருந்து அவனை வீட்டில் இறக்கிவிட்டு, அன்று பின்னேரம் நான் குருக்கள்மடத்துக்கு வந்து சேர்ந்தபோது, மாமி கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் ரியூசனுக்குப் போயிருந்தார்கள். மனைவி குசினியில் பலகையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். வாங்கில் அவன் கேட்டதையும் சொன்னேன். அவள் இறாலை உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எத்தின நாள் நொந்தது?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. யோசித்துப் பார்த்துச் சொல்லவில்லை. கேட்பதற்காகவே வைத்துக்கொண்டிருந்ததுபோல் உடனே சொன்னாள்.

"இருவத்தொரு நாள். தையல் சீழ் வச்சிற்று. பிள்ளையத் தூக்கேலாம அம்மாதான் தூக்கித் தூக்கித் தருவா. நீங்க மூண்டாம் நாள் கொழும்புக்குப் போயிற்றீங்க, மகாநாட்டுக்கு."

எனக்கு அந்த மகாநாடு ஞாபகம் இருந்தது. நான் வாசித்த முதல் ஆய்வுக் கட்டுரை அது. குடும்பத் திட்டமிடலில் ஆண்களின் பங்கு என்பது தலைப்பு. நன்றாக இருந்தது என்று நிறையப் பேர் கை கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு சேலையும் வாங்கி வந்தேன். எப்படி இருக்கிறது என்று சேலையைப் பற்றித்தான் கேட்டேன்.

நான் எழும்பிப் போய் அவளுக்கு முன்னால் குந்தி இருந்தேன். எங்கள் வீடுகளில் புருஷன் பெண்சாதிக்குள் நன்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. "நன்றி" என்றேன். மண்டபத்தில் எத்தனையோ பேருக்கு நன்றியுரை சொன்னவன், அந்த ஒரு சொல்லை இறாலைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த இறாலை எடுத்தாள்.

"கேட்டிருந்தாலும் நான்தான் செஞ்சிருப்பன்" என்றாள். "ஆனா நீங்க கேட்டிருக்கலாம்."